நிலைத்த உவகை

நுழையும்முன்

மகிழ்ச்சியை விரும்பாதவர் இலர். ஆயினும் விரும்பியது கைக்கு வந்த சில நாள்களிலேயே அது வெறுமையாகத் தோன்றுவதும், பிறர் கண்ணுக்குக் கடினமாகத் தெரியும் வாழ்வில் ஒருவர் நிறைவுடன் இருப்பதும் உலகியல்பாக உள்ளன. இவ்வேறுபாடு எங்கிருந்து எழுகிறது? திருவள்ளூர் மாவட்டத்தின் ஓர் ஊராட்சி, ஒரு செங்கற்சூளை, கும்மிடிப்பூண்டிப் பகுதியின் ஆலைகள் ஆகியவற்றை முன்வைத்து இவ்வினாவை ஆராய்கிறது இக்கட்டுரை.

சொல் காட்டும் வழி

தமிழில் மகிழ்ச்சியைக் குறிக்கும் சொற்கள் பல. இன்பம், உவகை, களிப்பு, மகிழ்வு, நிறைவு என நீளும் அவ்வரிசையில் ஒவ்வொரு சொல்லும் தனக்கெனச் சிறு வேறுபாடு உடையது. ‘மகிழ்’ என்னும் சொல் சங்க இலக்கியங்களில் கள்ளையும், கள்ளுண்டார் அடையும் கிளர்ச்சியையும் குறித்தது. ‘களிப்பு’ என்பதன் உள்ளேயும் கள்ளின் மயக்கம் ஒளிந்திருக்கிறது. இவை ஏறி இறங்கும் இன்பங்கள். ‘நிறைவு’ அத்தகையதன்று. குடம் நிறைவதும் ஏரி நிறைவதும் சிறிது சிறிதாக நிகழ்பவை. நிறைந்தபின் நெடுநாள் நிற்பவை. மகிழ்ச்சி நிலைக்கவில்லையே என வருந்துவோருள் பலர், களிப்பைத் தரவல்ல பொருள்களிடம் நிறைவைக் கேட்டுக்கொண்டிருக்கின்றனர்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளை வகுத்துள்ளார். அவற்றுள் உவகை ஒன்று, பெருமிதம் மற்றொன்று. உவகை பிறக்கும் களங்களாகச் செல்வம், புலன் நுகர்ச்சி, காதலர் கூட்டம், விளையாட்டு ஆகிய நான்கினை அவர் குறிப்பிடுகிறார். பெருமிதம் பிறக்கும் களங்களோ கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை ஆகியவை. இவ்விரு பட்டியல்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். முதற்பட்டியலில் உள்ளவை ஒருவர் பெறுபவை. இரண்டாம் பட்டியலில் உள்ளவை பெரும்பாலும் ஒருவர் செய்பவை, முயன்று ஆகுபவை. பெருமிதத்தை உரையாசிரியர்கள் வீரத்தோடு இணைத்துப் பொருள் கொள்வர். எனினும், ‘வாழ்வின் நோக்கம்’ என்று இக்காலத்தார் பேசும் பொருளுக்கு அப்பட்டியலைவிடப் பொருத்தமான பழந்தமிழ்ச் சான்றைக் காண்பது அரிது. புகழ் ஒன்றை மட்டும் சற்று ஐயத்துடன் நோக்க வேண்டியுள்ளது. அது பிறர் கையில் இருப்பது.

பழகிப்போகும் இன்பம்

பெறுபவை ஏன் நிலைப்பதில்லை? 1978ஆம் ஆண்டு அமெரிக்க உளவியலார் மூவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பரிசுச்சீட்டில் பெருந்தொகை வென்ற 22 பேரையும், அவர்களோடு ஒப்பிடுவதற்கெனப் பரிசு பெறாத 22 பேரையும், விபத்தில் உடல் செயலிழந்த 29 பேரையும் அவர்கள் வினவினர். பரிசு வென்றோர் மற்றவரைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மகிழ்ச்சியுடன் இல்லை. நண்பரோடு உரையாடுதல், காலை உணவு உண்ணுதல் போன்ற அன்றாடச் சிறு நிகழ்வுகளில் அவர்கள் கண்ட இன்பம் குறைந்தும் இருந்தது. விபத்துக்குள்ளானோர் மற்றவரைவிடக் குறைந்த மகிழ்ச்சியே கொண்டிருந்தனர்; ஆயினும் பிறர் எண்ணுமளவு தாழ்ந்துவிடவில்லை. வினவப்பட்டோர் தொகை சிறிது. ஆதலின் இவ்வாய்வை இறுதித் தீர்ப்பாகக் கொள்ளல் கூடாது. எனினும் அது சுட்டிய போக்கை எவரும் தம் வாழ்விலேயே காணலாம். புதிதாக வாங்கிய இருசக்கர வண்டி முதல் திங்களில் தரும் கிளர்ச்சியைப் பன்னிரண்டாம் திங்களில் தருவதில்லை. மனம் எதையும் நேற்றோடும் பக்கத்து வீட்டோடும் ஒப்பிட்டே அளக்கிறது. பழகிய பொருள் அளவுகோலாகவே மாறிவிடுகிறது.

இதனைப் பொருளியல் நோக்கில் ஆராய்ந்த தமிழர் ஜே. சி. குமரப்பா. 1892இல் தஞ்சாவூரில் பிறந்த அவர் இலண்டனில் கணக்காயராகப் பயிற்சி பெற்றவர். பம்பாயில் தணிக்கை நிறுவனம் நடத்தியவர். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி பயின்றவர். அங்கு இந்தியாவின் வறுமைக்கும் ஆங்கில ஆட்சியின் வரிமுறைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தது அவர் வாழ்வைத் திருப்பியது. 1929இல் காந்தியடிகளைச் சந்தித்தபின் வருவாய் மிக்க தொழிலை விட்டுச் சிற்றூர்த் தொழில்களின் மறுமலர்ச்சியில் ஈடுபட்டார். சிறைவாசத்தின்போது அவர் எழுதிய நிலைத்த பொருளாதாரம் குறித்த நூல் 1945இல் வெளிவந்தது. எதை எடுத்தால் தீர்ந்துபோகும், எதைச் செய்தால் தொடர்ந்து ஊறும் என்பதே அந்நூலின் அடிப்படை வினா. உழைப்பைப் பற்றியும் அவர் நுட்பமாகச் சிந்தித்தார். எந்த வேலையிலும் அயர்வு தரும் பகுதியும், ஆற்றலை வளர்த்து மனநிறைவு தரும் பகுதியும் பின்னிப் பிணைந்தே இருக்கின்றன. அயர்வை ஒரு சாரார் தலையிலும் நிறைவை மற்றொரு சாரார் மடியிலும் வைப்பது வாழ்வைச் சிதைக்கும் என்பது அவர் கருத்து. தொழிற்பேட்டைகள் நிறைந்த ஒரு மாவட்டத்தில் இக்கருத்தைப் படிப்போர்க்கு அதன் கூர்மை தனியே விளக்கப்பட வேண்டியதில்லை.

குத்தம்பாக்கம்

சென்னைக்கு மேற்கே, பூவிருந்தவல்லி ஒன்றியத்தில், செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து மிகத் தொலைவில்லாமல் அமைந்துள்ளது குத்தம்பாக்கம் ஊராட்சி. ஒரு காலத்தில் கள்ளச்சாராயம் காய்ச்சுவது அவ்வூர்க் குடும்பங்கள் பலவற்றுக்குப் பிழைப்பாக இருந்தது. குடியும் சாதிப்பூசலும் வீட்டு வன்முறையும் ஒன்றையொன்று வளர்த்தன. ‘மகிழ்’ என்னும் பழஞ்சொல்லின் இருண்ட பக்கத்தை அவ்வூர் நாள்தோறும் கண்டுகொண்டிருந்தது எனலாம்.

அவ்வூரின் ஒடுக்கப்பட்ட குடும்பம் ஒன்றில் 1960இல் பிறந்தவர் இளங்கோ. சென்னை அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரியில் வேதிப்பொறியியல் பயின்றார். ஆயில் இந்தியா நிறுவனத்தில் பணி கிடைத்தது. இத்தகைய குடும்பத்திலிருந்து எழுந்த இளைஞர் ஒருவருக்கு அது சிறிய வெற்றியன்று. ஊரைவிட்டு வெளியேறி உயர்ந்துவிட்டார் என்று பலரும் மகிழத்தக்க நிலை. அவர் மனமோ ஊரிலேயே இருந்தது. அப்பணியை விட்டுத் திரும்பினார். உடனே பொதுவாழ்வில் குதித்துவிடவும் இல்லை. சென்னையில் அறிவியல், தொழிலக ஆராய்ச்சி மன்றத்தில் அறிவியலாளராகச் சேர்ந்து பல ஆண்டுகள் பணிபுரிந்தார். ஓய்வு நேரத்தில் ஊர்ப்பணி செய்தார். ஓய்வு நேரம் போதவில்லை என்று தெளிந்தபின், 1990களின் முற்பகுதியில் அந்த வேலையையும் விட்டார்.

இவ்விடத்தில் சற்று நிற்பது நன்று. இத்தகைய வரலாறுகளைச் சொல்வோர், நாயகர் ஒரே இரவில் ஒளி கண்டு அனைத்தையும் துறந்ததாகச் சொல்லிவிடுவது வழக்கம். குத்தம்பாக்கத்தில் நடந்தது அதுவன்று. ஒரு வேலை, அதிலிருந்து விலகல், மற்றொரு வேலை, பகுதிநேர முயற்சி, நெடிய தயக்கம், பின்னரே முழு ஈடுபாடு என வளைந்து வளைந்து சென்ற பாதை அது. நோக்கம் அவருக்கு ஆயத்தப்பொருளாகக் கிடைக்கவில்லை. செய்துபார்த்தே அவர் அதனை உறுதிசெய்து கொண்டார்.

அரசமைப்புச் சட்டத்தின் 73ஆவது திருத்தத்தையும், 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தையும் தொடர்ந்து 1996இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அதில் நின்று குத்தம்பாக்கம் ஊராட்சித் தலைவரானார் இளங்கோ. பொறியாளரின் கண் அவருக்கு இங்கே துணைநின்றது. ஊருக்கு வடிகால் கட்ட வேண்டியிருந்தபோது, அருகிலிருந்த கல் மெருகேற்றும் ஆலையில் கழிவாகக் கிடந்த கருங்கல் துண்டுகளைப் பயன்படுத்தினார். செலவு குறைந்தது, ஊராருக்கே வேலையும் கிடைத்தது. ஆனால் வகுக்கப்பட்ட நடைமுறையிலிருந்து அப்பணி மாறியிருந்தது. அதன்பொருட்டு அவர் பதவியிலிருந்து தற்காலிகமாக விலக்கப்பட்டார். அஞ்சாமையைப் பெருமிதத்தின் களமாகத் தொல்காப்பியர் வைத்ததன் காரணம் இத்தகைய நாள்களில்தான் விளங்கும். வேலையை விட்டாயிற்று, பதவியும் போயிற்று, கையில் எஞ்சியது செய்த பணி சரியானது என்னும் தெளிவு மட்டுமே. ஊரார் அவர் பக்கம் நின்றனர். பதவி மீண்டும் கிடைத்தது.

தமிழ்நாட்டரசின் சமத்துவபுரத் திட்டம் குத்தம்பாக்கத்துக்கு வந்தபோது அவ்வூர் அதைத் தனக்கே உரிய வகையில் நிறைவேற்றியது. இரட்டை வீடுகளாக 50 கட்டடங்கள் எழுந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பாதியில் ஒடுக்கப்பட்ட வகுப்புக் குடும்பம். மறுபாதியில் வேறு சாதிக் குடும்பம். இரண்டு வீடுகளுக்கும் நடுச்சுவர் ஒன்றே. அச்சுவர்கள் உள்ளூர் மண்ணை அழுத்திச் செய்த, சூளையில் சுடாத கட்டிகளால் ஆனவை. அக்கட்டிகளைச் செய்தவர்களும் அவ்வூராரே. பூசல்களால் பெயர்பெற்ற ஓர் ஊரில் ஒரே சுவரின் இருபுறமும் இரு சமூகத்தார் படுத்துறங்குவது, புள்ளிவிவரங்களில் அடங்காத மாற்றம்.

2001இல் மீண்டும் அவர் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அதே ஆண்டில், ஊராட்சித் தலைவர்களுக்குப் பயிற்சி அளிக்கும் பஞ்சாயத்து அகாடமி தொடங்கப்பட்டது. ஊரில் நுகரப்படும் பொருள்களுள் எவை வெளியிலிருந்து வருகின்றன என்று கணக்கெடுத்து, அவற்றுள் பெரும்பாலானவற்றை அண்டை ஊர்கள் சில சேர்ந்து தாமே உற்பத்தி செய்துகொள்ள முடியும் என்னும் பொருளாதாரக் கருத்தையும் அவர் முன்வைத்தார். இதில் குமரப்பாவின் சாயல் தெளிவாகத் தெரிகிறது. சாராயத்தை ஒழிக்க அறிவுரை மட்டும் போதாது; காய்ச்சியவருக்கு வேறு தொழில் வேண்டும் என்பதை அவ்வூர் முன்னரே உணர்ந்திருந்தது.

ஒரே மண், இரு சூளைகள்

வேலையைத் துறந்து நோக்கத்தைத் தேர்ந்தவரைப் பற்றிப் பேசும்போது ஒன்றை மறத்தலாகாது. துறப்பதற்கு அவரிடம் ஒரு வேலை இருந்தது. தேர்வதற்கு உரிமை இருந்தது. அவ்விரண்டும் இல்லாதோரிடம் வாழ்வின் நோக்கத்தைப் பற்றி உரையாற்றுவது இரக்கமற்ற செயலாகிவிடும்.

திருவள்ளூர் மாவட்டத்தில் இருளர் பழங்குடியினர் பெருந்தொகையினராக வாழ்கின்றனர். பாம்பு பிடிப்பதிலும் மூலிகை அறிவிலும் தேர்ந்த அம்மக்களுள் பலர், முன்பணம் என்னும் சிறு கடனில் சிக்கி, செங்கற்சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் குடும்பத்தோடு கட்டுண்டு கிடந்தனர். கடன் தீர்ந்ததா என்பதை அவர்களால் அறிய முடியாது. கணக்கு வேறொருவர் கையில் இருக்கும். உறவினர் இறப்புக்குச் செல்லவும் இசைவு வேண்டும். குழந்தைகளின் கல்வி சூளையடியிலேயே நின்றுவிடும். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம் இதனைக் குற்றமாக்கியது; அதற்குப் பின்னரும் பல பத்தாண்டுகள் கழித்துத் தமிழ்நாட்டில் இத்தகையோர் மீட்கப்பட்டுள்ளனர்.

மீட்பு என்பது பாதி வேலையே. விடுதலைச் சான்றிதழ் பெற்று வெளியே வந்தவருக்கு நிலமும் இல்லை, வேறு தொழிலும் தெரியாது எனில், பசி அவரை மீண்டும் அதே வாயிலுக்கு அழைத்துச்செல்லும். இந்நிலையில் 2020களின் தொடக்கத்தில் திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு புதிய முயற்சி நிகழ்ந்தது. மீட்கப்பட்ட இருளர் குடும்பங்கள், மாவட்ட நிருவாகத்தின் துணையோடு, ‘சிறகுகள்’ என்னும் பெயரில் தமக்கே உரிய செங்கற்சூளையை நடத்தத் தொடங்கின.

இந்நிகழ்வு ஆழ்ந்து எண்ணத்தக்கது. சூளையில் செய்யும் வேலை மாறவில்லை. சேறு மிதிக்க வேண்டும். அச்சில் அறுக்க வேண்டும். பச்சைக்கல்லை வெயிலில் உலர்த்த வேண்டும். அடுக்கி வேகவைக்க வேண்டும். முதுகு நோவும் வெப்பமும் அவைதாமே. வேலையைப் பொருளாகக் கொள்ளாமல் துன்பத்தின் அளவாக மட்டும் கொண்டால், அடிமையாகச் செய்த வேலைக்கும் உரிமையாளராகச் செய்யும் வேலைக்கும் வேறுபாடு காண இயலாது. ஆயினும் வேறுபாடு உண்டு என்பதை எவரும் மறுக்கமாட்டார். எத்தனை கல் அறுத்தோம் என்னும் கணக்கு இப்போது தம் கையில் இருக்கிறது. இன்று ஓய்வா, வேலையா என்பது தம் முடிவு. அறியாமலே பெற்றிருந்த கைத்திறன், பிறருக்கு விற்கத்தக்க தொழிலறிவாகிவிட்டது. நிறைவு என்பது வேலையின் வகையைப் பொறுத்ததா, வேலைக்கும் மனிதருக்கும் உள்ள உறவைப் பொறுத்ததா என்னும் வினாவுக்கு இதைவிடத் தெளிவான விடை நூல்களில் கிடைப்பது அரிது.

வியன்னா நகரின் மருத்துவர் விக்டர் பிராங்கல் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நாசி வதைமுகாம்களில் அடைக்கப்பட்டு உயிர்பிழைத்தவர். அத்துன்ப வாழ்வினின்று பிறந்த அவருடைய நூல் 1946இல் வெளிவந்தது. ஒரு பணியை ஆற்றுவதிலும், ஒருவரை நேசிப்பதிலும், தவிர்க்கவியலாத துன்பத்தை எதிர்கொள்ளும் முறையிலும் மனிதர் வாழ்வின் பொருளைக் காண்கின்றனர் என்றும், மகிழ்ச்சியை நேரே துரத்துவோர்க்கு அது அகப்படுவதில்லை என்றும் அவர் கருதினார். அவர் கருத்தைத் தவறாகக் கொள்வோர் உளர். தவிர்க்கவியலாத துன்பத்தைப் பற்றியே அவர் பேசினார். தவிர்க்கக்கூடிய துன்பத்தை நீக்காமல், அதில் பொருள் காணுமாறு பிறரை வற்புறுத்துவது அவர் கொள்கையன்று. கொத்தடிமைத்தனம் தவிர்க்கக்கூடியது.

ஆலையும் ஆளும்

சென்னையிலிருந்து கூடூர் செல்லும் இருப்புப்பாதையில் கும்மிடிப்பூண்டி நிலையத்தில், பணிமுறை மாறும் வேளையில் திரளும் கூட்டம் பெரிது. சிப்காட் வளாகத்தின் இரும்புருக்கு ஆலைகளுக்கும் வார்ப்படச் சாலைகளுக்கும் செல்வோர் அவர்கள். சற்று மேற்கே தேர்வாய்கண்டிகையில் மற்றொரு வளாகம் உள்ளது. பொன்னேரி, ஊத்துக்கோட்டை வட்டாரத்து இளைஞரோடு ஒடிசா, பீகார், சார்க்கண்டு மாநிலங்களிலிருந்து வந்தோரும் இப்பகுதியில் உழைக்கின்றனர். இம்மாவட்டத்து மேல்நிலைப் பள்ளிகளில் பயில்வோருள் ஒரு பகுதியினர் சில ஆண்டுகளில் இவ்வாலைகளுள் நுழைவர். அவர்களை நோக்கி, ‘நிறைவு வேண்டுமெனில் வேலையை விடுக’ என்று கூறுவது பொருளற்றது. ஆலைக்குள் நிறைவுக்கு இடம் உண்டா என்பதே கேட்கத்தக்க வினா.

ஏமி ரெசனெவ்ஸ்கி என்னும் அமெரிக்க ஆய்வாளர் தம் குழுவினரோடு 1997இல் வெளியிட்ட ஆய்வு, மக்கள் தம் பணியை மூவகையாகக் காண்பதைச் சுட்டியது: பிழைப்பு, படிப்படியான உயர்வு, வாழ்வின் அழைப்பு. வியப்பு என்னவெனில், அலுவலக உதவியாளர் என்னும் ஒரே பணியில் இருந்தோரிடையேயும் இம்மூவகையினரும் ஏறக்குறைய சம அளவில் இருந்தனர். பின்னர் ஜேன் டட்டனுடன் இணைந்து அவர் மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களை ஆராய்ந்தார். சிலர் தரையைத் துடைப்பது தம் வேலை என்றனர். வேறு சிலரோ நோயாளி நலம்பெறத் துணைநிற்பதே தம் வேலை எனக் கருதினர், நோயாளிகளோடு பேசினர், வந்தவர்களுக்கு வழிகாட்டினர். நினைவிழந்து கிடப்போரின் அறைகளில் இருந்த படங்களை ஒருவர் அவ்வப்போது இடம்மாற்றி வைத்தார். சூழலின் மாற்றம் அவர்களுக்குச் சிறிதேனும் உதவக்கூடும் என்பது அவர் எண்ணம். அதனை அவருக்கு எவரும் பணிக்கவில்லை.

வார்ப்படச் சாலையிலும் இத்தகையோர் இருப்பர். வார்ப்பில் விழும் நுண்ணிய விரிசலைக் கண்டறிந்து, அது எங்கே போய் எந்த எந்திரத்தில் பொருந்தும், உடைந்தால் யாருக்குக் கேடு என்று எண்ணிப்பார்ப்பவருக்கு அந்த வார்ப்பு ஒரு எண்ணிக்கை அன்று. புதிதாகச் சேர்ந்தவருக்கு உலையருகே நிற்கும் முறையைக் கற்றுத்தருபவர் ஆசிரியரே ஆவார். கல்வியும் கொடையும் ஆலைக்குள்ளும் உண்டு.

இருப்பினும் முழுப் பொறுப்பையும் தொழிலாளர் தலையில் ஏற்றிவிட முடியாது. படத்தை இடம்மாற்றிய பணியாளருக்கு அதற்கான நேரமும், அவ்வாறு செய்தால் தண்டிக்கப்படமாட்டோம் என்னும் நம்பிக்கையும் இருந்தன. மூச்சுவிட நேரமில்லாத வரிசையில் நிற்பவருக்கும், அடுத்த திங்கள் பணி உண்டா என அறியாத ஒப்பந்தத் தொழிலாளிக்கும் அவை இல்லை. எட்டு மணி நேர வேலைக்காகத் தொழிலாளர் போராடியது உடல் ஓய்வுக்காக மட்டுமன்று. 1923இல் இந்தியாவிலேயே முதன்முறையாகச் சென்னைக் கடற்கரையில் மே நாளைக் கொண்டாடினார் ம. சிங்காரவேலர். அந்நாளின் கோரிக்கையில் வேலைக்கு எட்டு மணி, உறக்கத்துக்கு எட்டு மணி, தமக்கென எட்டு மணி என்னும் பகுப்பு அடங்கியிருந்தது. அந்த மூன்றாம் எட்டு மணியில்தான் ஒருவர் பறையடிக்கக் கற்கிறார். பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித்தருகிறார். ஏரிக்கரையில் பனைவிதை நடுகிறார். ஆலையில் காணாத நிறைவை அங்கே காண்போர் பலர். அந்நேரத்தை மிகைநேரப் பணி விழுங்கிவிட்டால், ஊதியம் கூடினும் வாழ்வு சுருங்கும்.

உறவுகளும் அந்நேரத்தில்தான் வளர்கின்றன. அமெரிக்காவின் ஆர்வர்டு பல்கலைக்கழகம் 1938இல் தொடங்கி இன்றளவும் நடத்திவரும் ஆய்வு 724 ஆடவரின் வாழ்வை இளமை முதல் முதுமை வரை பின்தொடர்ந்தது. பின்னர் அவர்களின் குடும்பத்தாரையும் இணைத்துக்கொண்டது. செல்வத்தையும் புகழையும்விட, நெருங்கிய உறவுகளே முதுமையின் உடல்நலத்தோடும் மகிழ்வோடும் வலுவாகத் தொடர்புற்றிருந்தன என்பது அதன் முடிபு. சொந்த ஊரைவிட்டு வந்து ஓர் அறையில் எண்மராகத் தங்கியிருக்கும் இளைஞர்க்கு இம்முடிபு கசப்பான செய்தியே.

தெரிந்து தெளிவோம்

திருவள்ளூர் மாவட்டத்துத் திருநின்றவூர், அறுபத்துமூன்று நாயன்மார்களுள் ஒருவரான பூசலார் வாழ்ந்த ஊர். இறைவனுக்குக் கற்கோயில் எழுப்ப விரும்பிய அவர் பொருள்தேடி எங்கும் கிடைக்கப்பெறாமல், மனத்திலேயே கோயில் கட்ட முனைந்தார். அடித்தளம், விமானம், மதில், கிணறு, குளம் என முறைப்படி நெடுநாள் கட்டிக் குடமுழுக்குக்கு நாள் குறித்தார். காஞ்சியில் பல்லவ மன்னன் பெரும்பொருள் செலவிட்டுக் கட்டிய கற்கோயிலின் குடமுழுக்குக்கும் அதே நாள் குறிக்கப்பட்டது. இறைவன் மன்னன் கனவில் தோன்றி, பூசலார் கோயிலில் புகவிருப்பதால் வேறு நாள் கொள்ளுமாறு பணித்தார் என்கிறது பெரியபுராணம்.

நோக்கம் முளைக்கும் இடம்

பூசலார் வரலாற்றைப் பக்தி நோக்கில் படிப்போர் உளர். செயல் நோக்கிலும் அதனைப் படிக்கலாம். கல்லும் பொன்னும் கிடைக்காதபோது அவர் கருவியை மாற்றினார், நோக்கத்தை மாற்றவில்லை. மனக்கோயில்தானே என்று ஒரே நாளில் கட்டி முடிக்கவும் இல்லை. கிணற்றையும் மதிலையும்கூட விடாமல் செய்தார். நோக்கம் என்பதைப் பெரிய இலக்கு என்று மட்டும் எண்ணுவோர் இந்தப் பொறுமையைக் கவனிப்பதில்லை.

‘உன் நோக்கம் யாது?’ என்று பதினேழு வயதினரிடம் கேட்பது ஒருவகையில் முறையற்ற வினா. விடை தெரியாதவர் தம்மைக் குறையுடையவராகக் கருதத் தொடங்குகின்றனர். குத்தம்பாக்கத்து இளைஞர் பின்னர் தலைவராக வழிவகுத்த 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம் அவருடைய அவ்வயதில் இல்லை. தஞ்சையில் பிறந்த கணக்காயர் கொலம்பியாவுக்குச் சென்றது சிற்றூர்த் தொழிலைக் கற்க அன்று. இருவரும் கைக்கு அருகில் இருந்த ஒன்றை ஊன்றிக் கற்றனர். அக்கல்வி யாருக்குத் தேவைப்படுகிறது என்று கண்டனர். தேவைப்பட்ட இடத்துக்குச் சென்றனர். வள்ளுவர் ஒப்புரவறிதல் என ஓர் அதிகாரமே வகுத்தார். உலகநடையை அறிந்து அதற்கு உதவியாக ஒழுகுதல் என்பது அதன் பொருள். அத்தலைப்பில் ‘அறிதல்’ என்னும் சொல் இருப்பது தற்செயலன்று. எவருக்கு எது தேவை என்பதை அறிவதற்கே பயிற்சி வேண்டும்.

அப்பயிற்சிக்கான இடங்கள் தொலைவில் இல்லை. தமிழ்நாட்டின் ஒவ்வோர் ஊராட்சியிலும் சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகத்து 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கிராமசபை கூடுகிறது. வரவு செலவு அங்கே படிக்கப்படுகிறது. குடிநீர், வடிகால், சாலை, வீடு ஆகியவை பற்றிப் பேசப்படுகிறது. பதினெட்டு வயது நிறைந்து ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் இடம்பெற்ற எவரும் அதன் உறுப்பினர். தனி அழைப்பு தேவையில்லை. பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் காலத்தில் பெரும்பாலோர் அவ்வயதை நெருங்குகின்றனர்.